அக ஆற்றலும் துகள்களின் அடுக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெப்பம் பற்றிய பாடத்தில் இயக்க ஆற்றல் யாரையும் அதிகம் படுத்துவதில்லை. துகள் ஓடுகிறது, அதிர்கிறது, சுழல்கிறது என்று சொன்னால் கண்ணில் காட்சி வந்துவிடும். நிலை ஆற்றல்தான் தகராறு. அசையாமல் இருக்கும் துகளுக்கு என்ன ஆற்றல், அது எங்கே இருக்கிறது என்ற கேள்வி பிளஸ் ஒன்னில் தொடங்கிக் கல்லூரி வரை கூடவே வருகிறது. இலங்கைப் பாடநூலில் படிப்பவர்கள் அக ஆற்றல், நிலை ஆற்றல் என்று வரும் இடங்களில் அகச்சக்தி, அழுத்தசக்தி என்று படித்துக்கொள்ளலாம்.

அக ஆற்றல் என்றால் சரியாக என்ன?

ஒரு பொருளில் உள்ள எல்லாத் துகள்களின் ஒழுங்கற்ற இயக்கத்தால் வரும் இயக்க ஆற்றலையும், அவை ஒன்றையொன்று இழுப்பதாலும் தள்ளுவதாலும் வரும் நிலை ஆற்றலையும் கூட்டினால் வருவது. 'ஒழுங்கற்ற' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஓடும் ரயிலில் இருக்கும் தண்ணீர் பாட்டிலின் மூலக்கூறுகள் எல்லாம் ரயிலோடு சேர்ந்து ஒரே திசையில் போகின்றன. அந்த வேகம் அக ஆற்றலில் சேராது. பாட்டிலை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் அப்படித்தான். பூமியோடு அதற்கு உள்ள நிலை ஆற்றல் கூடுமே தவிர, உள்ளே மூலக்கூறுகளின் அடுக்கில் எதுவும் மாறவில்லை.

துகள்களுக்கு நிலை ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

ஒரு துகளுக்கு மட்டும் தனியாக நிலை ஆற்றல் கிடையாது. குறைந்தது இரண்டு துகள்கள் வேண்டும். அவற்றுக்கிடையே விசை இருக்க வேண்டும். பாடநூல்கள் 'துகளின் நிலை ஆற்றல்' என்று எழுதிவிட்டுப் போவதால்தான் பாதிக் குழப்பம்.

எளிய உதாரணமாக ஆர்கானை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஆர்கான் அணுக்கள் வெகுதூரத்தில் இருக்கும்போது ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. நெருங்க நெருங்க மெல்லிய இழுப்பு தொடங்குகிறது. சுமார் 0.38 நானோமீட்டர் இடைவெளியில் இழுப்பும் தள்ளலும் சமமாகின்றன. அதற்கும் உள்ளே போனால் எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றோடொன்று இடித்து, தள்ளுவிசை மிக வேகமாக ஏறுகிறது. ஆங்கில இயற்பியலாளர் ஜான் லெனார்ட்-ஜோன்ஸ் 1920-களில் இந்த வகை விசைகளுக்கு எழுதிய சமன்பாடு இன்றும் கணினிக் கணக்குகளில் அன்றாடம் பயன்படுகிறது.

அதை வரைபடமாகப் போட்டால் ஒரு பள்ளம் கிடைக்கும். 0.38 நானோமீட்டர் அந்தப் பள்ளத்தின் அடி. அங்கிருந்து அணுக்களை விலக்கவும் வேலை செய்ய வேண்டும், இன்னும் நெருக்கவும் வேலை செய்ய வேண்டும். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் நிலை ஆற்றல் ஏறும்.

நிலை ஆற்றலை எதிர்க்குறியில் எழுதுகிறார்களே, ஆற்றல் எப்படி எதிர்மறையாக இருக்கும்?

எங்கே சுழி என்று வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் விஷயம். துகள்கள் முடிவிலாத் தொலைவில் இருக்கும்போது சுழி என்று வைப்பது வழக்கம். ஒன்றுசேர்ந்த துகள்களைப் பிரித்து அந்தச் சுழிக்குக் கொண்டுபோக நாம் வேலை செய்ய வேண்டியிருப்பதால், சேர்ந்திருக்கும் நிலை சுழிக்குக் கீழே இருக்கிறது. எனவே 'நிலை ஆற்றல் அதிகரிக்கிறது' என்றால் மைனஸ் 50 என்பது மைனஸ் 44 என்று ஆவது போல. இதை மறந்துவிட்டு, எண் 50-இலிருந்து 44-ஆகக் குறைகிறதே என்று விடைத்தாளில் தலைகீழாக எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

பனிக்கட்டி உருகும்போது வெப்பம் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். வெப்பநிலை ஏன் ஏறவில்லை?

இதை முதலில் ஒழுங்காக அளந்தவர் ஜோசஃப் பிளாக். 1760-களின் தொடக்கத்தில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில். ஒரு கண்ணாடிக் குடுவையில் பனிக்கட்டி, இன்னொன்றில் அதே எடையுள்ள, உறையும் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர். இரண்டையும் ஒரே கூடத்தில் வைத்தார். தண்ணீர் அரை மணி நேரத்தில் 7 டிகிரி பாரன்ஹீட் ஏறியது. பனிக்கட்டி உருகி அதே வெப்பநிலைக்கு வரப் பத்தரை மணி நேரம் ஆனது. இரண்டு குடுவைகளுக்குள்ளும் கூடத்துக் காற்றிலிருந்து வெப்பம் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. அப்படியானால் பனிக்கட்டிக்குள் போன வெப்பம் எங்கே? வெப்பமானியில் தெரியாததால் உள்ளே மறைந்திருக்கிறது என்று அவர் சொன்னார். உள்ளுறை வெப்பம் என்று நாம் படிப்பது அதுதான்.

மூலக்கூறுகளைப் பற்றிய தெளிவான படம் அவர் காலத்தில் இல்லை. இன்று சொல்வதென்றால், அந்த வெப்பம் மூலக்கூறுகளை வேகப்படுத்தவில்லை. படிகமாக அடுக்கப்பட்டிருந்தவற்றை ஒன்றின் பிடியிலிருந்து மற்றதை நெகிழ்த்தியிருக்கிறது. இயக்க ஆற்றலின் சராசரி மாறாததால் வெப்பநிலை மாறவில்லை. நிலை ஆற்றல் மட்டும் ஏறியிருக்கிறது. ஒரு கிலோ பனிக்கட்டிக்கு 334 கிலோஜூல். அதே ஆற்றலை ஒரு கிலோ தண்ணீருக்குக் கொடுத்தால் 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிவிடலாம்.

உறையும்போது அந்த ஆற்றல் என்ன ஆகிறது?

அப்படியே வெளியே வருகிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் கடுங்குளிர் இரவுகளில் ஆரஞ்சு, ஸ்ட்ராபெரி பயிர்கள்மீது விடியவிடியத் தண்ணீர் தெளிப்பார்கள். காலையில் பார்த்தால் காய்களெல்லாம் பனிக்கட்டி உறைக்குள் இருக்கும். பார்க்கிறவர்களுக்குப் பயிரை வேண்டுமென்றே கொல்வது போலத் தோன்றும். ஆனால் உறையும் ஒவ்வொரு கிலோ தண்ணீரும் 334 கிலோஜூலை வெளிவிட்டுக்கொண்டே இருப்பதால், காயின் வெப்பநிலை 0 டிகிரிக்கு அருகிலேயே நின்றுவிடும். தெளிப்பதைப் பாதியில் நிறுத்தினால்தான் ஆபத்து. அப்போது மேலே இருக்கும் ஈரம் ஆவியாகி, இருக்கும் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும்.

உருகுவதைவிட ஆவியாவதற்கு ஏன் ஏழு மடங்கு வெப்பம் தேவை?

ஒரு கிலோ தண்ணீரை 100 டிகிரியில் நீராவியாக்க 2257 கிலோஜூல் வேண்டும். உருகும்போது அடுக்கு குலைகிறதே தவிர மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டுப் போவதில்லை. தண்ணீரிலும் ஒவ்வொரு மூலக்கூறும் அண்டை மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, பிடி அடிக்கடி மாறுகிறது, அவ்வளவே. ஆவியில் அந்தப் பிடி அநேகமாக முழுதும் அறுந்துவிடுகிறது.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவு. பனிக்கட்டியின் ஒரு மோல் (மோல் என்பது துகள்களை எண்ணும் ஒரு நிலையான எண்ணிக்கை, பனிக்கட்டியில் சுமார் 18 கிராம்) மூலக்கூறுகளை முற்றிலும் பிரித்து ஆவியாக்க 0 டிகிரியில் சுமார் 51 கிலோஜூல் ஆகிறது. உருக்குவதற்கான பங்கு அதில் 6 கிலோஜூல்தான். அதாவது உருகிய பிறகும் பிணைப்பின் பெரும்பகுதி அப்படியே மிச்சம் இருக்கிறது.

இங்கே ஒரு திருத்தம். 2257 கிலோஜூலும் நிலை ஆற்றலாகிவிடுவதில்லை. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும்போது ஒரு லிட்டர் இடம் சுமார் 1,670 லிட்டராகிறது. அத்தனை காற்றைப் பின்னுக்குத் தள்ளச் சுமார் 170 கிலோஜூல் செலவாகிறது. மீதி ஏறத்தாழ 2,090 கிலோஜூல்தான் அக ஆற்றலில் சேர்கிறது. உள்ளுறை வெப்பமும் அக ஆற்றல் மாற்றமும் ஒன்றே என்று எழுதினால் உருகுதலில் பிழை தெரியாது, ஆவியாதலில் தெரியும்.

'துகள்கள் அருகில் இருந்தால் நிலை ஆற்றல் குறைவு, விலகினால் அதிகம்' என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். போதுமா?

தேர்வுக்குப் பல சமயம் போதும். ஆனால் அந்த வரியை எடுத்துக்கொண்டு தண்ணீரிடம் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கிறது. அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 917 கிலோகிராம். உருகும்போது கன அளவு சுமார் 8 சதவீதம் சுருங்குகிறது. துகள்கள் இன்னும் நெருங்கிவிட்டன போலத் தெரிகிறது. மனப்பாட வரிப்படி நிலை ஆற்றல் குறைந்திருக்க வேண்டும். ஆனால் நாம் 334 கிலோஜூல் கொடுத்த பிறகுதானே அது உருகியது? நிலை ஆற்றல் ஏறித்தான் இருக்கிறது.

பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் சரியாக நான்கு அண்டை மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பில் (ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்ததன் ஆக்சிஜனை இழுத்துப் பிடிக்கும் பிணைப்பு) இருக்கிறது. நான்கும் நான்முகியின் முனைகளில். ஆர்கான் படிகத்தில் ஓர் அணுவைச் சுற்றிப் பன்னிரண்டு அணுக்கள் நெருக்கியடித்து நிற்கும். பனிக்கட்டியில் நான்குதான். நடுவில் எல்லாம் காலியிடம். ஆனால் அந்த நான்கு பிணைப்புகளும் நேராக, சரியான கோணத்தில், 0.276 நானோமீட்டர் இடைவெளியில் அமைந்திருக்கின்றன. பள்ளத்தின் அடியில் உட்கார்ந்திருப்பது என்றால் அதுதான். உருகும்போது சில பிணைப்புகள் வளைகின்றன, சில அறுகின்றன. ஓர் ஆக்சிஜனுக்கும் பக்கத்து ஆக்சிஜனுக்கும் இடைவெளி உண்மையில் சிறிது கூடவே செய்கிறது. அதே நேரம் பிடி தளர்ந்த மூலக்கூறுகள் அந்தக் காலியிடங்களுக்குள் நுழைந்துவிடுவதால் மொத்தத்தில் இடம் சுருங்குகிறது.

அதனால் தூரத்தை மட்டும் கேட்காதீர்கள். யாருக்குப் பக்கத்தில் யார், எந்தக் கோணத்தில், எத்தனை பேர் என்று கேளுங்கள். நிலை ஆற்றல் அமைவைச் சார்ந்தது. தூரம் அந்த அமைவின் ஒரு கூறு மட்டுமே.

வைரத்தையும் கிராஃபைட்டையும் பாருங்கள். இரண்டும் கார்பன் அணுக்கள்தான். வைரம் அடர்த்தி மிக்கது. ஆனாலும் சாதாரண அழுத்தத்தில் ஒரு மோல் வைரத்தின் ஆற்றல், கிராஃபைட்டைவிடச் சுமார் 1.9 கிலோஜூல் அதிகம். விலை உயர்ந்தது கொஞ்சம் நிலையற்றது. அதற்காக மோதிரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அணுக்கள் இடம் மாறத் தாண்ட வேண்டிய மேடு மிகப் பெரியது.

வெப்பநிலை ஏறும்போது இயக்க ஆற்றல் மட்டும்தான் ஏறுமா?

இல்லை. திடம், திரவம், வாயு என்று நிலை மாறும்போது நிலை ஆற்றல், வெப்பநிலை மாறும்போது இயக்க ஆற்றல் என்று கோடு போட்டுப் பிரிப்பது வசதிதான், ஆனால் பிழை.

ஆர்கான் வாயுவை மூடிய கலத்தில் வைத்து ஒரு மோலுக்கு ஒரு டிகிரி ஏற்ற 12.5 ஜூல் போதும். ஒரு மோல் செம்புக்குச் சுமார் 24.5 ஜூல், ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆர்கானில் கொடுப்பது எல்லாம் ஓட்டத்துக்கே போகிறது. செம்பில் அணு தன் இடத்தில் நின்று அதிர்கிறது. ஒவ்வோர் அதிர்விலும் அண்டை அணுக்களிடமிருந்து விலகி நெருங்கி, பள்ளத்தின் சுவரில் ஏறி இறங்குகிறது. எனவே கொடுத்த ஆற்றலில் சராசரியாகப் பாதி இயக்க ஆற்றல், பாதி நிலை ஆற்றல். பெரும்பாலான திட உலோகங்களுக்கு ஒரு மோலுக்கு ஏறத்தாழ 25 ஜூல் என்ற இந்த ஒற்றுமையை டுலாங், பெட்டி என்ற பிரெஞ்சுக்காரர்கள் 1819-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். வைரம் இதற்கு அடங்காது. ஏன் என்பதற்கு ஐன்ஸ்டைன் 1907-இல் குவாண்டம் விளக்கம் கொடுத்தார். அது தனிக் கதை.

தண்ணீர் இன்னும் ஒரு படி மேலே. பனிக்கட்டியின் ஒரு கிராமுக்கு ஒரு டிகிரி ஏற்ற 2.1 ஜூல், தண்ணீருக்கு 4.18 ஜூல். சூடேற ஏறத் தண்ணீருக்குள் ஹைட்ரஜன் பிணைப்புகள் மேலும் மேலும் குலைந்துகொண்டே இருக்கின்றன. கொடுக்கும் வெப்பத்தில் நல்ல பங்கு அதற்கே போய்விடுகிறது.

வாயுவில் நிலை ஆற்றல் சுழி என்கிறார்களே?

இலட்சிய வாயுவில் சுழி. அப்படித்தான் இலட்சிய வாயுவை வரையறுத்திருக்கிறோம். உண்மையான வாயுவில் சிறிதளவு உண்டு.

ஜேம்ஸ் ஜூல் 1845-இல் அழுத்திய காற்றை வெற்றிடத்துக்குள் விரியவிட்டுப் பார்த்தார். வெப்பநிலை மாற்றம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. மூலக்கூறுகள் விலகியும் நிலை ஆற்றல் மாறவில்லை என்று பொருள். அல்லது மாற்றம் அவர் கருவிக்கு எட்டாத அளவு சிறியது. இரண்டாவதுதான் சரி. 1850-களில் வில்லியம் தாம்சனோடு சேர்ந்து, நுண்துளைத் தடுப்பு வழியாக வாயுவைத் தொடர்ந்து தள்ளிப் பார்த்தபோது காற்று சற்றுக் குளிர்ந்தது. விலகும் மூலக்கூறுகள் இழுப்பை மீறிப் போக வேண்டியிருக்கிறது. அதற்கான ஆற்றலைத் தங்கள் ஓட்டத்திலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. காற்றைத் திரவமாக்கும் ஆலைகள் பின்னால் இந்தக் குளிர்ச்சியை வைத்துத்தான் எழுந்தன.

வேடிக்கை என்னவென்றால், அறை வெப்பநிலையில் ஹைட்ரஜனை இப்படி விரியவிட்டால் சூடாகும். அங்கே இழுப்பைவிட மோதித் தள்ளுவது மேலோங்கியிருக்கிறது. சுமார் மைனஸ் 70 டிகிரிக்குக் கீழே கொண்டுபோன பிறகுதான் அது வழிக்கு வரும். ஜேம்ஸ் டூவர் 1898-இல் ஹைட்ரஜனைத் திரவமாக்கியது முன்கூட்டியே நன்றாகக் குளிர்வித்த பிறகுதான்.

ஹோட்டல் சமையலறையில் கேஸ் சிலிண்டரின் வெளிப்பக்கம் வேர்த்துப் பனிபிடிக்கிறதே, அதுவும் இதே காரணமா?

பெரும்பாலும் இல்லை. சிலிண்டருக்குள் இருப்பது திரவமான புரொப்பேனும் பியூட்டேனும். பெரிய அடுப்புகளை மணிக்கணக்கில் எரிக்கும்போது உள்ளே திரவம் வேகமாக ஆவியாக வேண்டியிருக்கிறது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிய நிலை ஆற்றல் ஏற வேண்டும். அதற்கான வெப்பம் மிச்சமுள்ள திரவத்திலிருந்தும் உலோகச் சுவரிலிருந்தும் போகிறது. சுவர் குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிகிறது. எந்த மட்டம் வரை பனி படிந்திருக்கிறதோ, அந்த மட்டம் வரை உள்ளே திரவம் இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

வெப்பநிலையை ஏற்றாமல், துகள்களின் அடுக்கை மட்டும் கலைத்து ஆற்றலைச் சேமிக்க முடியுமா?

முடியும். இதற்கு நான் சொல்ல விரும்பும் உதாரணம் கொஞ்சம் பயங்கரமானது.

முதல் அணு உலைகள் கட்டப்பட்ட 1940-களில், நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கக் கிராஃபைட் கட்டைகளைப் பயன்படுத்தினார்கள். வேகமான நியூட்ரான் ஒன்று கார்பன் அணுவில் மோதினால் அந்த அணு தன் இடத்தைவிட்டுத் தெறித்து, அடுக்குகளுக்கு நடுவே எங்கேயோ போய்ச் சிக்கிக்கொள்ளும். அது இருந்த இடம் காலியாகக் கிடக்கும். இரண்டுமே உயர்ந்த நிலை ஆற்றல் உள்ள அமைவுகள். கிராஃபைட் நல்ல சூட்டில் இருந்தால் அணுக்கள் அசைந்து அசைந்து தம் இடத்துக்குத் திரும்பிவிடும். குளிர்ந்திருந்தால் திரும்ப முடியாது. நாள்பட நாள்பட ஆற்றல் சேர்ந்துகொண்டே போகும். தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெப்பமானியும் எதையும் காட்டாது. இயற்பியலாளர் யூஜின் விக்னர் இதை முன்கூட்டியே ஊகித்ததால் இதற்கு விக்னர் ஆற்றல் என்று பெயர்.

எவ்வளவு சேரும்? ஒரு கிராமுக்கு 2,700 ஜூல் வரை சேரக்கூடும். முழுவதும் ஒரே மூச்சில் வெளிவந்தால் கிராஃபைட்டின் வெப்பநிலை ஆயிரம் டிகிரிக்கு மேல் ஏறிவிடும்.

இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேலில் இருந்த உலைகள் காற்றால் குளிர்விக்கப்பட்டவை. அவற்றின் கிராஃபைட் ஓரளவு குறைந்த வெப்பநிலையிலேயே இயங்கியது. 1952-இல் அங்கே ஓர் உலை நிறுத்தப்பட்டிருந்தபோது எதிர்பாராமல் வெப்பநிலை ஏறியது. சேர்ந்திருந்த ஆற்றல் தானாக அவிழ்ந்துகொண்டிருந்தது. அதன் பிறகு, அவ்வப்போது உலையை வேண்டுமென்றே சூடேற்றி, இடம் மாறிய அணுக்களைத் திரும்ப அடுக்கில் உட்காரவைத்து, ஆற்றலைக் கட்டுப்பாட்டோடு வெளியேற்றுவதை வழக்கமாக்கினார்கள். 1957 அக்டோபரில் அப்படிச் செய்துகொண்டிருந்தபோதுதான் முதலாம் உலை தீப்பிடித்தது. அக்டோபர் 10-இல் தீ கண்டுபிடிக்கப்பட்டு, மறுநாள் தண்ணீர் பாய்ச்சி அணைக்கப்பட்டது. கதிரியக்க அயோடின் வெளியேறியதால் சுற்றுவட்டாரப் பண்ணைகளின் பாலைக் கொட்டிவிட நேர்ந்தது. பின்னால் வந்த கிராஃபைட் உலைகள் அதிக வெப்பநிலையில் இயங்குவதால் அணுக்கள் அவ்வப்போதே தம் இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன.

துகள்களின் நிலை ஆற்றல் என்பது ஏட்டுக் கணக்கு என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்தால் அதன் அக ஆற்றல் கூடுகிறதா?

எஃகுச் சுருளாக இருந்தால் ஆமாம், அணுக்களின் இடைவெளி மாறுகிறது, நிலை ஆற்றல் ஏறுகிறது. ரப்பர் வேறு ஜாதி. அதன் நீண்ட மூலக்கூறுகள் சுருண்டு கிடக்கின்றன. இழுக்கும்போது அவை நிமிர்கின்றன, ஆனால் பிணைப்புகள் அதிகம் நீள்வதில்லை. அக ஆற்றல் பெரிதாக மாறாததால், நீங்கள் செய்த வேலை பெரும்பாலும் வெப்பமாக வெளியே வருகிறது. அகலமான ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், சூடு தெரியும். திரும்ப இழுக்கும் விசை, சுருண்டு கிடக்கும் வழிகள் நிமிர்ந்து நிற்கும் வழிகளைவிட எண்ணற்றவை என்பதிலிருந்து வருகிறது. இது என்ட்ரோபியின், அதாவது அமையக்கூடிய வழிகளின் எண்ணிக்கையை அளக்கும் அளவின், வேலை. எல்லா 'அமைவு மாற்றமும்' நிலை ஆற்றல் மாற்றம் ஆகிவிடாது என்பதற்காகவே இந்தக் கேள்வியைச் சேர்த்தேன்.

வேதிப்பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவரும் என்று உயிரியல் வகுப்பில் சொன்னார்கள்.

எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் கொடுக்கத்தான் வேண்டும். பள்ளத்திலிருந்து வெளியே எடுக்கிறோம், அது இலவசமாக நடக்காது. மீத்தேன் எரியும்போது வெப்பம் வருவது, உடைந்த பிணைப்புகளைவிட ஆழமான பிணைப்புகள் கார்பன் டை ஆக்சைடிலும் தண்ணீரிலும் உருவாவதால். உயிரணுக்கள் ஆற்றலுக்குப் பயன்படுத்தும் ஏடிபி மூலக்கூறின் விஷயத்திலும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இதே கணக்குதான்.

ஒரு பொருளின் மொத்த அக ஆற்றல் இவ்வளவு என்று எண்ணாகச் சொல்ல முடியுமா?

அறை வெப்பநிலையில் ஒரு மோல் ஆர்கான் வாயுவுக்கு சுமார் 3.7 கிலோஜூல் என்று சொல்லலாம். ஆனால் அதில் எலக்ட்ரான்களின் ஆற்றலையும் அணுக்கருவுக்குள் உள்ளதையும் சேர்க்கவில்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது கேள்வியைப் பொறுத்தது. தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கணக்கில் அணுக்கரு மாறப்போவதில்லை, அதனால் விட்டுவிடுகிறோம். நடைமுறையில் தேவைப்படுவது எப்போதும் வித்தியாசம் மட்டுமே.

அக ஆற்றல் மாற்றத்தை வெப்பத்தையும் வேலையையும் வைத்து எழுதும் சமன்பாட்டில், இயற்பியல் புத்தகத்தில் வேலைக்குக் கழித்தல் குறி, வேதியியல் புத்தகத்தில் கூட்டல் குறி. எது சரி?

இரண்டும். இயற்பியலில் அமைப்பு வெளியே செய்யும் வேலையை எழுதுகிறார்கள். வேதியியலில் அமைப்பின்மீது செய்யப்படும் வேலையை எழுதுகிறார்கள். ஒரே விடையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.